2030-களில் பெருமந்தம் வரும் என்கிறார்கள், எல்லாவற்றையும் விற்றுவிடலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 44 வயது. நானும் கணவரும் கட்டுமான இயந்திரங்கள் தயாரிக்கும் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறோம். எங்கள் சேமிப்பில் 60% இண்டெக்ஸ் ஃபண்டில் (பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்ட்) இருக்கிறது, 20% எங்கள் கம்பெனியின் பங்குகள், மீதி ஓய்வூதியக் கணக்கில் முடங்கியிருக்கிறது. அவசரத்துக்கு என்று வங்கியில் இரண்டு மாதச் செலவுக்கான பணம்தான் இருக்கிறது. வீட்டுக் கடன் இன்னும் 13 ஆண்டு பாக்கி. இருவர் சம்பளத்தில் 28% தவணைக்குப் போகிறது. 2030-களில் உலகம் முழுக்க 1930 மாதிரி பெருமந்தம் வரும் என்று பொருளாதார ஆய்வாளர்கள் சொல்வதைப் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. ஃபண்டை முழுவதும் விற்று, பாதியைத் தங்கத்திலும் பாதியை டெபாசிட்டிலும் போட்டுவிட்டு, மந்தம் முடிந்ததும் திரும்ப வரலாம் என்று நினைக்கிறேன். மாதாந்திர முதலீட்டையும் நிறுத்திவிடலாமா? கணவரோ, இன்னொரு கடன் வாங்கி இரண்டாவது வீடு வாங்கினால் வாடகையாவது வரும் என்கிறார். அப்படிச் செய்தால் தவணை 48% ஆகும். யார் சொல்வது சரி? அம்மாவின் சேமிப்பு முழுக்க ஒரே வங்கியில் டெபாசிட்டாக இருக்கிறது, அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: வணக்கம். ஃபண்டை விற்க வேண்டாம், மாதாந்திர முதலீட்டையும் நிறுத்த வேண்டாம். இரண்டாவது வீட்டுக் கடன் வேண்டவே வேண்டாம். ஆனால் நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. உங்கள் ஆபத்து நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

முதலில் அந்தக் கணிப்பைப் பார்ப்போம். அமெரிக்காவின் ஐடிஆர் எகனாமிக்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் பத்தாண்டுக்கும் மேலாக இதைச் சொல்லி வருகிறது: 2030-களில் பெருமந்தம். அவர்கள் காட்டும் காரணங்கள் கற்பனை இல்லை. பல நாடுகளில் மக்கள்தொகைக்கு வயதாகிறது. 1946 முதல் 1964 வரை பிறந்த அமெரிக்கத் தலைமுறை முழுவதும் 2030-க்குள் 65 வயதைத் தொட்டுவிடும். சீனாவின் மக்கள்தொகை 2022-லிருந்து குறையத் தொடங்கிவிட்டது. அமெரிக்க முதியோர் ஓய்வூதிய நிதியின் கையிருப்பு 2033 வாக்கில் தீர்ந்துவிடும் என்று அதன் பொறுப்பாளர்களே 2025-ல் அறிக்கை கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வரும் வரிப்பணத்தை வைத்து 77% பலன்தான் கொடுக்க முடியுமாம். அமெரிக்க அரசின் கடன் அந்த நாட்டின் ஒரு வருட மொத்த உற்பத்தியையே தாண்டிவிட்டது.

இவை எல்லாம் உண்மை. ஆனால் இதிலிருந்து 'ஆகவே இன்ன ஆண்டில் பெருமந்தம்' என்று தாண்டுவதுதான் சிக்கல். வயதாவதும் கடன் ஏறுவதும் மெதுவாக நடப்பவை. அவற்றை முன்கூட்டியே எண்ணிவிடலாம். பெருமந்தம் அப்படி உருவாவதில்லை. 1929-ல் சந்தை சரிந்ததோடு விஷயம் முடிந்திருந்தால் அது ஒரு மோசமான மந்தநிலையாகக் கடந்து போயிருக்கும். 1930-ல் அமெரிக்கா இறக்குமதி வரியைக் கடுமையாக ஏற்றியது, மற்ற நாடுகளும் பதிலுக்கு ஏற்றின. 1931 மே மாதம் ஆஸ்திரியாவின் கிரெடிட்அன்ஸ்டால்ட் வங்கி நிலைகுலைந்தது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டபோது மத்திய வங்கி வேடிக்கை பார்த்தது. தங்கத்தோடு நாணயத்தைக் கட்டி வைத்திருந்த நாடுகளால் வட்டியைத் தாராளமாகக் குறைக்க முடியவில்லை. 1931 செப்டம்பரில் அந்தக் கட்டை அவிழ்த்த பிரிட்டன், கடைசி வரை பிடித்துத் தொங்கிய பிரான்ஸை விட முன்னாலேயே எழுந்தது. ஆக, மந்தம் பெருமந்தமானது மனிதர்கள் எடுத்த முடிவுகளால். 2034-ல் ஒரு மத்திய வங்கித் தலைவர் என்ன முடிவெடுப்பார் என்பதை எந்த வரைபடமும் இன்றைக்குச் சொல்லாது.

ஜப்பானைப் பாருங்கள். உலகத்திலேயே முதியவர்கள் அதிகம் உள்ள நாடுகளில் ஒன்று, அரசுக் கடன் ஆண்டு உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆய்வாளர்கள் சொல்லும் இரண்டு நோயும் அங்கே முற்றிய நிலையில் இருக்கின்றன. ஆனாலும் 1930-களின் அமெரிக்கா போல நான்கில் ஒருவருக்கு வேலை இல்லாத நிலை அங்கே வரவில்லை. வேலையின்மை 6 சதவீதத்தைக் கூடத் தொடவில்லை. அதே சமயம் 1989 டிசம்பரில் 38,915 புள்ளியில் இருந்த அந்த நாட்டின் பங்குச் சந்தைக் குறியீடான நிக்கெய், அந்த உயரத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். 34 ஆண்டுகள்! பெருமந்தமே வராமல்கூட ஒரு நாட்டின் பங்குச் சந்தை ஒரு தலைமுறையின் சேமிப்பைத் தேக்கி வைக்க முடியும் என்று இதிலிருந்து தெரிகிறது. உங்கள் இண்டெக்ஸ் ஃபண்ட் ஒரே நாட்டுப் பங்குகளில் மட்டும் இருந்தால், ஒரு பகுதியை உலகப் பங்குகளுக்கு மாற்றுங்கள். இந்த பதிலில் ஃபண்டைப் பற்றி நான் சொல்லும் முக்கியமான மாற்றம் இதுதான்.

தேதி போட்டுச் சொன்ன பழைய கணிப்புகள் என்ன ஆயின? பொருளாதாரப் பேராசிரியர் ரவி பத்ரா 1987-ல், 1990-ல் பெருமந்தம் என்று எழுதியது பரபரப்பாக விற்றது. 1990-ல் மந்தநிலை வந்தது உண்மை. எட்டு மாதத்தில் முடிந்தது. அதைத் தொடர்ந்த பத்தாண்டு வளர்ச்சி அதுவரை அமெரிக்கா கண்டதிலேயே நீளமானது. அவரை நம்பி விற்றவர்கள் இழந்தது சரிவை அல்ல, அந்தப் பத்தாண்டை. பத்தாண்டு தொலைவு என்றில்லை, அடுத்த ஆண்டைக் கணிப்பதும் இதே கதைதான். 1992 முதல் 2014 வரை 63 நாடுகளில் வந்த 153 மந்தநிலைகளை எடுத்து ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) ஆய்வாளர்கள் சோதித்தார்கள். முந்தைய ஆண்டு ஏப்ரலிலேயே நிபுணர்களின் சராசரிக் கணிப்பில் தெரிந்தவை வெறும் ஐந்து.

சரி, கணிப்பு அப்படியே பலிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இந்தக் கணக்கை ஒரு தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். இன்று உங்களிடம் 100 இருக்கிறது. விற்று டெபாசிட்டில் போட்டால், 3% வட்டியில் ஏழு ஆண்டில் 123. விற்காமல் விட்டு, ஆண்டுக்கு 7% வளர்ந்தால் 161. ஏழாம் ஆண்டு முடிவில் சந்தை சரிபாதியாக விழுகிறது: 80. இதுவரை வெளியேறியவர் ஜெயித்துவிட்டார். இந்த இடத்தோடு கணக்கை நிறுத்துவதால்தான் விற்கும் யோசனை இவ்வளவு அழகாகத் தெரிகிறது. இப்போது அவர் திரும்ப வாங்க வேண்டும், அதுவும் அடிமட்டத்தில். செய்தி எல்லாம் இருட்டாக இருக்கும், தெரிந்தவர்கள் வேலையை இழந்திருப்பார்கள். அந்த நேரத்தில் கையில் இருக்கும் பணத்தை எடுத்துச் சந்தையில் போட எத்தனை பேருக்கு மனம் வரும்? கொஞ்சம் தெளியட்டும் என்று காத்திருப்பார். அதற்குள் சந்தை அடிமட்டத்திலிருந்து 50% ஏறினால், விற்காதவரின் 80 என்பது 120 ஆகிவிடும். விற்றவரிடம் இருப்பது 123. விற்றபோது கட்டிய வரியைக் கழித்தால் மிச்சம் ஒன்றுமே இல்லை.

அடிமட்டத்திலிருந்து 50% ஏற எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பீர்கள். 2009 மார்ச்சில் 676-ல் இருந்த அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 பங்குக் குறியீடு ஒரே ஆண்டுக்குள் அதைத் தாண்டி ஏறிவிட்டது. 1932 ஜூலை 8 அன்று இன்னொரு அமெரிக்கக் குறியீடான டௌ ஜோன்ஸ் 41-ல் இருந்தது. மூன்று ஆண்டுக்கு முன் அது 381. அங்கிருந்து இரண்டே மாதத்தில் ஏறக்குறைய இரட்டிப்பானது, பிறகு மறுபடி விழுந்தது. அந்தக் குழப்பத்தில் எது அடிமட்டம் என்று வாழ்ந்துகொண்டிருந்த யாருக்கும் தெரியவில்லை. விற்பவர் இரண்டு முறை சரியாக இருக்க வேண்டும், இரண்டாவது முறை ரொம்பக் கஷ்டம். பெருமந்தம் அந்த ஆண்டு வராமல் போனாலோ 161-க்குப் பதில் 123-ஓடு நிற்பீர்கள்.

மாதாந்திர முதலீடு வேறு கதை. உங்களுக்கு 60 வயதுவரை இன்னும் 16 ஆண்டு இருக்கிறது. இடையில் விலை விழுந்தால், மாதாமாதம் போடும் அதே பணத்துக்கு அதிக யூனிட் கிடைக்கும். 2030-களின் தொடக்கத்தில் சரிந்தால் அது உங்களுக்கு உதவக்கூட செய்யும். உங்களைப் புண்படுத்தக்கூடியது, ஓய்வுக்கு இரண்டு மூன்று ஆண்டு முன்பு வரும் சரிவு. அதற்குத் தேதி தெரிய வேண்டியதில்லை, உங்கள் வயது தெரிந்தால் போதும். 50 வயதிலிருந்து ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கைக் குறைத்து, 60-ல் பாதிக்கு மேல் பங்குகளில் இல்லாதபடி கொண்டு வாருங்கள். எடுத்ததை டெபாசிட்டிலும் குறுகிய கால அரசுக் கடன் பத்திரங்களிலும் வையுங்கள். நீண்ட காலப் பத்திரம் வேண்டாம். 2022-ல் வட்டி ஏறியபோது பங்கும் நீண்ட காலப் பத்திரமும் சேர்ந்தே விழுந்தன.

இனி நான் உண்மையாகவே கவலைப்படும் இடம். 1929 அக்டோபரில், பங்கு விலைகள் நிரந்தரமான ஒரு உயரத்தை எட்டிவிட்டதாகச் சொன்னவர் இர்விங் ஃபிஷர் என்ற பெரிய பொருளாதார மேதை. சில நாளில் சந்தை சரிந்தது, அவர் செல்வமும் போனது. அதே மனிதர் 1933-ல் எழுதிய விளக்கம்தான் பெருமந்தம் குடும்பங்களை எப்படி உடைக்கிறது என்பதை இன்றுவரை தெளிவாகச் சொல்வது. விலையும் சம்பளமும் இறங்கும், கடன் மட்டும் இறங்காது. கட்டக் கட்ட பாரம் கூடும். அமெரிக்காவில் 1929 முதல் 1933 வரையிலான நான்கு ஆண்டில் விலைவாசி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விழுந்தது.

உங்கள் எண்ணையே இதில் வைத்துப் பாருங்கள். இன்று தவணை 28%. இருவர் சம்பளமும் கால்பங்கு குறைந்தால் அதே தவணை 37% ஆகும். சமாளிக்கலாம். ஒருவர் வேலை போய் வருமானம் பாதியானால் 56%. மூச்சு முட்டும், ஆனாலும் கையிருப்பு இருந்தால் தாங்கலாம். இரண்டாவது வீடு வாங்கியிருந்தால்? 48% என்பது முதல் நிலையில் 64%, இரண்டாவது நிலையில் 96%. வாடகை வரும் என்று உங்கள் கணவர் சொல்வது நல்ல காலத்துக்குச் சரி. வேலை போகும் காலத்தில் குடியிருப்பவருக்கும் வேலை போகும், வீடு காலியாகும், விற்கப் போனால் எல்லோரும் விற்றுக்கொண்டிருப்பார்கள். அவரிடம் இந்த நான்கு எண்களையும் எழுதிக் காட்டுங்கள்.

இன்னொன்று. உங்கள் இருவர் சம்பளமும் 20% சேமிப்பும் ஒரே கம்பெனியை நம்பி இருக்கின்றன, அதுவும் கட்டுமான இயந்திரக் கம்பெனி. மந்தம் வந்தால் மக்கள் சாப்பிடுவதை நிறுத்த மாட்டார்கள். புது இயந்திரம் வாங்குவதை நிறுத்துவார்கள். 1930-களிலும் முதலில் நின்றது முதலீடும் கட்டுமானமும்தான். ஒரே வாரத்தில் பங்கு விலை பாதியாகி, வேலை நீக்கக் கடிதமும் வரலாம். இதற்கு உலகப் பெருமந்தம்கூடத் தேவையில்லை, சாதாரண மந்தநிலை போதும். விற்க அனுமதி உள்ள பங்குகளை அடுத்த ஓராண்டில் மூன்று நான்கு தவணையாக விற்றுவிடுங்கள், வரிக் கணக்கைப் பார்த்துக்கொண்டு. 20% என்பதை 5 சதவீதத்துக்குள் கொண்டு வாருங்கள்.

அந்தப் பணம் முதலில் போக வேண்டியது வங்கிக்கு. இரண்டு மாதச் செலவு போதவே போதாது. இருவரும் ஒரே கம்பெனி என்பதால் உங்களுக்கு நான் சொல்வது 12 மாதம், வீட்டுத் தவணையையும் சேர்த்து. அது நிரம்பிய பிறகு மிஞ்சுவதை வீட்டுக் கடனின் அசலில் கட்டுங்கள். கட்டும்போது தவணைத் தொகையைக் குறைக்கும்படி கேளுங்கள். காலத்தைக் குறைத்தால் மொத்த வட்டி இன்னும் மிச்சமாகும் என்பது தெரியும். உங்கள் நிலைமையில் மாதா மாதம் கட்டாயமாக வெளியே போகும் தொகை குறைவதுதான் பெரிது. இருவரில் ஒருவர் வேறு துறைக்கு மாற வாய்ப்பு வந்தால், சம்பளம் சற்றுக் குறைந்தாலும் யோசியுங்கள்.

தங்கம் 5 முதல் 10 சதவீதம் வரை வைத்துக்கொள்ளலாம், பாதி வேண்டாம். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலரில் வாங்கியவர் 1999-ல் அதை 250 டாலர் சுமாருக்குப் பார்த்தார். வாங்கிய விலையைத் திரும்பப் பார்க்க 2008 ஆனது. 1933-ல் அமெரிக்கக் குடிமக்கள் தங்கத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டி வந்ததும் நடந்த கதைதான்.

அம்மாவின் டெபாசிட் பற்றி: 1930-களில் வங்கி மூடியதால் சேமிப்பை இழந்தவர்களுக்குக் காப்பீடு இல்லை, இன்று பல நாடுகளில் இருக்கிறது, ஆனால் ஒருவருக்கு ஒரு வங்கியில் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு உண்டு. உங்கள் நாட்டில் அது எவ்வளவு என்று வங்கியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே வங்கியின் வேறு வேறு கிளைகளில் போட்டால் பெரும்பாலும் ஒரே கணக்காகத்தான் சேர்ப்பார்கள், வேறு வங்கியே வேண்டும். இப்போதே உடைத்தால் வட்டி குறையும். ஒவ்வொரு டெபாசிட்டாக முதிரும்போது, வரம்புக்கு மேல் உள்ளதை அம்மா பெயரிலேயே, உங்களை நாமினியாக வைத்து, அடுத்த வங்கிக்கு மாற்றுங்கள்.