சமமட்ட வரப்பும் சமையல் முறையும்: கூட்டுப் பண்ணைக் கேள்வி-பதில்

இயற்கையைப் பார்த்துப் பண்ணையை நிலைத்து நிற்கும்படி வடிவமைக்கும் பெர்மாகல்ச்சர் முறையில் ஒரே நிலத்தில் சேர்ந்து வாழ்பவர்களும், வாழப் புறப்பட்டிருப்பவர்களும் அனுப்பிய கேள்விகள். ‘எந்த மரம் வைக்கலாம்?’ என்ற கடிதங்களே அதிகம். அவற்றை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டேன்.

திண்டுக்கல் பக்கம் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து சரிவான செம்மண் நிலம் வாங்கியிருக்கிறோம். மழைக்கு முன் பொக்லைன் வைத்து ஒரே நாளில் வரப்பு போட்டுவிடலாமா?

போடலாம். தப்பான இடத்தில் போடவும் அதே ஒரு நாள்தான் ஆகும். வரப்பு சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் போக வேண்டும். அந்த மட்டத்தைக் கண்டுபிடிக்க முதலில் ஏ-சட்டம் ஒன்று செய்யுங்கள். ஆளுயரத்துக்குச் சற்றுக் கூடுதலான இரண்டு சவுக்குக் கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவில் குறுக்குக் கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டு, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் கரிக்கோடு போடுங்கள். கால்களை இடம் மாற்றி ஊன்றி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் மட்டம். நூல் அந்த நடுவில் நிற்கும்படி சட்டத்தை நகர்த்திக்கொண்டே போய், கால் ஊன்றும் இடங்களில் முளை அடியுங்கள். அந்த முளைகளின் வழியே பள்ளம் வெட்டி, மண்ணைச் சரிவின் கீழ்ப்புறம் போட வேண்டும்.

மிகுதி நீர் வெளியேற, கல் பாவிய வழி ஒன்று கட்டாயம் வேண்டும். ஐப்பசி மழை ஒரே இரவில் கொட்டித் தீர்த்தால், வழி வைக்காத வரப்பை உடைத்துக்கொண்டுதான் போகும். முடிந்தால் இந்த மழைக்குக் குடையோடு நிலத்தில் நடந்து தண்ணீர் ஓடும் தடத்தைப் பாருங்கள். பொக்லைன் அடுத்த ஆண்டும் வாடகைக்குக் கிடைக்கும்.

எங்கள் தாத்தா செய்ததுதானே இந்தப் பெர்மாகல்ச்சர்? எதற்கு வெளிநாட்டுப் பெயர்?

1970களில் ஆஸ்திரேலியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோல்ம்கிரனும் உருவாக்கிய பெயர், முறை. பழங்குடிகளிடமும் மரபு உழவர்களிடமும் கற்றதை அவர்கள் மறைக்கவில்லை. தாத்தாவிடம் நாட்டு விதையும் மாட்டுச் சாணமும் இருந்தன, சரி. விடியுமுன் வந்து அந்தச் சாணத்தை அள்ளிய பண்ணையாள் ஒருவரும் இருந்திருப்பாரே? கூட்டுப் பண்ணையில் அந்த ஆள் நீங்கள்தான்.

இருபது பேருக்குச் சமைப்பது எப்போதும் நாங்கள் மூன்று பெண்கள்தான். முறை வைத்துப் பார்த்தோம்; இரண்டாம் வாரமே நின்றுவிட்டது.

வந்த கடிதங்களில் முக்கியமானது இதுதான். கூட்டுப் பண்ணைகள் வறட்சியால் உடைவதைவிட அடுப்படியில் உடைவதே அதிகம் என்பது என் எண்ணம். சமையலை யாரும் வேலையாகக் கணக்கெழுதாததால்தான் முறை நின்றுபோகிறது. களையெடுப்பு, நீர் பாய்ச்சுதல் எழுதும் அதே கரும்பலகையில் காய் நறுக்குவது, விறகு பிளப்பது, பாத்திரம் தேய்ப்பது, மறுநாளுக்கு உளுந்து ஊறவைப்பது எல்லாவற்றையும் மணிக்கணக்கோடு எழுதுங்கள். அன்று அடுப்படி முறை உள்ளவர் வயலுக்குப் போகக் கூடாது. ‘எனக்குச் சமைக்கத் தெரியாது’ என்பவர் நாளில் கம்பங்கூழும் வெங்காயமும் போதும். யாரும் முகம் சுளிக்கக் கூடாது. சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுக்கக் கற்றுக்கொண்டவருக்குச் சாம்பார் வராமல் போகாது.

இன்னொன்று: அடுத்த பருவத்துக்கு என்ன விதைப்பது என்பதை அடுப்படியில் நிற்பவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஒரே வாரத்தில் காய்த்துத் தள்ளும் சுரைக்காயோடு மல்லுக்கு நிற்பவர்கள் அவர்கள்தான். சமைக்க ஊரிலிருந்து ஒரு பெண்ணை வைத்தால், வரப்பு வெட்டும் ஆணுக்குக் கொடுக்கும் கூலியையே கொடுங்கள். அது கட்டுப்படியாகாது என்றால், இத்தனை நாள் நீங்கள் மூவரும் எவ்வளவு தானம் செய்திருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

மலத்தை எருவாக்கும் எங்கள் உலர் கழிப்பறை நாறுகிறது. விருந்தினர்கள் காட்டுப் பக்கம் ஒதுங்குகிறார்கள்.

ஈரம்தான் காரணம். நம் ஊரில் அலம்பும் நீரும் உண்டு என்பதால், மலம், சிறுநீர், அலம்பிய நீர் மூன்றுக்கும் தனித்தனி வழி வைத்த பீடம் வேண்டும். முசிறியில் இத்தகைய கழிப்பறைகள் ஊருக்குள்ளேயே கட்டப்பட்டன. ஒவ்வொரு முறையும் ஒரு குவளை சாம்பலோ மரத்தூளோ போட வேண்டும். சாம்பல் வாளி காலியாக இருந்தால் விருந்தினரைக் குறை சொல்லிப் பயனில்லை. அலம்பிய நீர் கல்வாழைப் பாத்திக்குப் போகட்டும். சிறுநீரைப் பத்து மடங்கு நீரில் கலந்து வாழைக்கு ஊற்றலாம். நிறைந்த தொட்டியை மூடி, குறைந்தது ஓராண்டு தொடாமல் விடுங்கள். மலத்தில் இருக்கும் நாக்குப்பூச்சி (குடற்புழு) முட்டைகள் லேசில் சாகாது. அந்த எருவும் மரங்களுக்குத்தான், கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

மண்ணை மூட இலைதழை பரப்பி மூடாக்கு போட்டால் பாம்பு வருமா?

வரும். வீட்டிலிருந்து தள்ளிப் போடுங்கள். வாசலருகே விறகும் ஓடும் குவித்து வைப்பது அதைவிட ஆபத்து. இரவில் டார்ச், காலில் செருப்பு. கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள். 108-ஐ அழைத்து விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

ஊர் ஆடுகள் எங்கள் கன்றுகளை மேய்ந்துவிடுகின்றன. கம்பி வேலிக்குப் பணமில்லை.

கொங்கு நாட்டில் கிளுவை மரத்தின் போத்துகளை (வெட்டிய கிளைகளை) நெருக்கமாக ஊன்றி உயிர்வேலி வளர்ப்பார்கள். அது அடர்ந்து வர சில ஆண்டுகள் ஆகும். அதுவரை கன்றுகளைச் சுற்றி முள் வையுங்கள். நீங்கள் வருவதற்கு முன் அந்த நிலம் ஆட்டுக்காரர்களுக்கு மேய்ச்சல் காடாக இருந்ததா என்று விசாரியுங்கள். அப்படியிருந்தால் ஒரு பக்கம் தடம் விட்டுக்கொடுங்கள். அறுவடை முடிந்ததும் ஆட்டுக்காரர்களை அழைத்துக் கிடை போட, அதாவது மந்தையை இரவில் உங்கள் வயலில் அடைக்க, சொல்லுங்கள்; புழுக்கையும் மூத்திரமும் உங்கள் வயலுக்கு உரம். கிடைக்கு நிலத்துக்காரர்தான் காசு கொடுக்க வேண்டும். மேய்ச்சலுக்கு இடம் கொடுத்தோமே என்று அவர்களிடம் கேட்டுவிடாதீர்கள்.