உயில் எழுதிய பிறகு டிரஸ்ட் எதற்கு?

"உயில் எழுதிவிட்டேன், அதற்கு மேல் டிரஸ்ட் தேவையா, தேவையென்றால் வழக்கறிஞரிடம் போவதா, வரி ஆலோசகரிடம் போவதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உயில், எழுதியவர் மறைந்த பிறகே செயலுக்கு வரும். அதுவரை அவர் அதை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். டிரஸ்டையோ வாழும்போதே நடைமுறைக்குக் கொண்டுவரலாம். அதில் சொத்து, அதை நிர்வகிக்கும் பொறுப்பாளரான டிரஸ்டியின் பெயரில் இருந்தாலும், பலன் யாருக்காக டிரஸ்ட் எழுதப்பட்டதோ அந்தப் பயனாளிக்கே உரியது. ஆகவே, மைனர் பிள்ளையோ, வரவு செலவைத் தானே கவனித்துக்கொள்ள இயலாத உறவினரோ உள்ள குடும்பத்துக்கு அது பெரிதும் பொருந்தும். மற்றவர்களுக்குத் தெளிவான உயிலே பெரும்பாலும் போதும் என்பது என் கருத்து.

பலரும் சறுக்குவது வேறோர் இடத்தில். டிரஸ்ட் பத்திரத்தின் சொத்து விவரத்தில் வீட்டையும் வைப்புத்தொகையையும் குறித்துக் கையெழுத்திட்டுவிடுவார்கள். வீட்டின் உரிமை ஆவணமும் வங்கிக் கணக்கும் பழைய பெயரிலேயே கிடக்கும். பெயர் மாற்றம் முடியாதவரை அந்த டிரஸ்ட் ஏறத்தாழ வெறும் பெட்டிதான்.

வரியைப் பொறுத்தவரை, கொடுத்தவரே திரும்பப் பெறக்கூடிய டிரஸ்டின் வருமானத்தைப் பல நாடுகள் அவருடைய வருமானமாகவே கணக்கிடுகின்றன. திரும்பப் பெற முடியாத டிரஸ்டில் நிலைமை மாறலாம், ஆனால் சொத்தின் மீதான அவருடைய பிடியும் போய்விடும். எனவே வழக்கறிஞர் எழுதும் வரைவை, கையெழுத்துக்கு முன்பே வரி ஆலோசகரிடம் காட்டிவிடுங்கள். கூடவே, உங்கள் உயிலில் சாட்சியாகக் கையெழுத்திட்டவர் யாரென்றும் பாருங்கள்: பயனாளியே சாட்சியானால், பல நாடுகளில் அவருக்கு எழுதிய பங்கு செல்லாது.