நெல்லுக்குள் தண்ணீர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

காலபோக அறுவடையைப் பற்றி எழுதியபோது, ‘ஈரம் அளக்கும் மீற்றர் 14 வீதம் காட்டினால் நெல் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் இம்முறை அதுதான் சண்டை. மத்தியானம் முற்றத்தில் அளந்தபோது 14.2. மறுநாள் வாங்க வந்தவரின் மீற்றரில் 15.4. விலையைக் குறைத்துவிட்டார். அப்பா இன்னும் புறுபுறுத்துக்கொண்டிருக்கிறார்.

தம்பி கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறான். மரவள்ளி மாப்பொருளில் மெல்லிய தாள் செய்து, அதற்குள் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று நிறமாலையில் பார்க்கிறானாம். கட்டுண்ட நீர், கட்டற்ற நீர் என்று என்னென்னவோ சொல்கிறான். தண்ணீர் என்றால் தண்ணீர்தானே? காயவைத்து நிறுத்தால் தெரிந்துவிடாதா? அதற்கு ஏன் அவ்வளவு பெரிய கருவி?

பரந்தனிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

அப்பாவின் சண்டையிலிருந்தே தொடங்குவோம். இரண்டு மீற்றரில் ஒன்று பொய் சொல்லியிருக்க வேண்டும் என்றில்லை. கையில் கொண்டு திரிகிற மீற்றர்களில் பெரும்பாலானவை தண்ணீரை நேராக அளப்பதே இல்லை. நெல்லின் மின்னியல்பை அளந்து, உள்ளே இருக்கும் அட்டவணையைப் பார்த்து, ‘இவ்வளவு ஈரம் இருக்கலாம்’ என்று ஊகிக்கின்றன. மின்புலத்துக்குத் தண்ணீர் நன்றாக அசைந்து கொடுக்கும், காய்ந்த மாப்பொருள் கொஞ்சமாகத்தான் அசையும். ஊகத்துக்கு அடிப்படை அந்த வித்தியாசம்தான். ஆனால் மாப்பொருள் இறுக்கிப் பிடித்திருக்கும் தண்ணீர் அவ்வளவாக அசையாது. நெல் சூடாக இருந்தால் கணக்கு மாறும், நெல்லின் வகை மாறினாலும் மாறும்.

இன்னொன்று, நீங்கள் அளந்தது மத்தியானம். படங்கில் வெயில் குடித்த நெல்லுக்கு வெளிப்பக்கம் காய்ந்திருக்கும், நடு ஈரமாகவே இருக்கும். இரவு முழுக்கச் சாக்குக்குள் கிடக்கும்போது உள்ளே இருந்த ஈரம் மெல்ல வெளியே வந்து சமனாகும். மறுநாள் மீற்றர் கூடத்தான் காட்டும். என் அம்மம்மாவிடம் மீற்றர் இல்லை. ஒரு நெல்லைக் கடவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பார், ‘டக்’ என்று உடைய வேண்டும். உடைந்தாலும் உடனே கட்ட விடமாட்டார். “ஆறட்டும், பிறகு கட்டு” என்பார். 2010இல் ஊர் திரும்பி முதல் விளைச்சல் எடுத்தபோது அவர் இல்லை. நான் அவசரப்பட்டு வெயில் சூட்டோடு கட்டினேன். இரண்டு கிழமையில் மூட்டைக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பு, புளித்த வாசம். ஏழு மூட்டை கோழிக்குப் போனது.

சரி, நிறுத்தால் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும், ஓரளவுக்கு. போறணையை 105 பாகையில் வைத்தால் ஒரு கணக்கு வரும், 130இல் வைத்தால் கொஞ்சம் கூட வரும். அந்த மிச்சத் தண்ணீர் 105இல் எங்கே ஒளிந்திருந்தது? சூட்டை இன்னும் ஏற்றினால் மாப்பொருளே உடைந்து தண்ணீரை விடத் தொடங்கும். தராசு அதையும் ஈரத்தின் கணக்கில்தான் எழுதும். ஆக ‘எவ்வளவு’ என்று கேட்டாலே ‘எவ்வளவு இறுக்கமாக’ என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. அதைத் தராசிடம் கேட்க முடியாது.

தம்பியின் கருவியிடம் கேட்கலாம். தண்ணீர் மூலக்கூறு என்பது ஓர் ஒட்சிசனும் அதன் இரண்டு கைகளாக இரண்டு ஐதரசனும். அந்தக் கைகள் நீண்டு சுருங்கும். இரண்டும் சேர்ந்து கத்தரிக்கோல் போல விரிந்து மூடும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஏற்ற செங்கீழ்க் கதிரை (தமிழ்நாட்டில் அகச்சிவப்பு என்பார்கள்) அது விழுங்கும். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து இழுத்தால் ஆட்டத்தின் வேகம் குறையும். சென்ரிமீற்றருக்கு எத்தனை அலை என்ற கணக்கில், தனியே பறக்கும் நீராவியின் கை ஆட்டம் 3700க்குக் கிட்ட. திரவத்தில் 3400ஐச் சுற்றி அகலமான மேடு. பனிக்கட்டியில் 3200 அளவுக்கு இறங்கிவிடும். மேடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தே, தண்ணீர் எவ்வளவு இறுக்கமாகப் பிடிபட்டிருக்கிறது என்று சொல்லலாம்.

இங்கே ஒரு வில்லங்கம். மாப்பொருளுக்கும் உடம்பு முழுக்க அதே ஒட்சிசன்–ஐதரசன் கைகள். வரைபில் தெரிவது தண்ணீரின் கையா மாப்பொருளின் கையா என்று பிரிப்பது பெரும்பாடு. இதற்கு ஒரு வழி இருக்கிறது, எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த இடம் அது. அலைநீளம் 1940 நானோமீற்றருக்குக் கிட்ட உள்ள கதிரை விழுங்க வேண்டுமானால் கை நீட்டலும் கத்தரிப்பும் சேர்ந்து நடக்க வேண்டும். கத்தரிக்க இரண்டு கை வேண்டும். மாப்பொருளின் ஒட்சிசனுக்கு ஐதரசன் கை ஒன்றுதான், மற்றக் கை சங்கிலியில் மாட்டுப்பட்டிருக்கிறது. ஆகவே 1940இல் தெரிவது தண்ணீர்தான். 1960களில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் கார்ல் நொரிஸ் தானியத்தின் ஈரத்தை ஒளியால் அளக்க வழி செய்தது இந்த அலைநீளங்களின் பக்கத்தில்தான்.

இனி ‘கட்டுண்ட நீர்’. இந்தச் சொல்லோடு எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. கட்டிப்போட்ட மாடு மாதிரி தண்ணீர் ஒரே இடத்தில் நிற்கும் என்று நினைக்க வைக்கிறது. அந்தச் சொல் சும்மா வரவில்லை என்பதும் உண்மை. ஈரமான புரதத்தைப் பூச்சியத்துக்கு எவ்வளவோ கீழே குளிர வைத்தாலும், ஒரு கிராம் புரதத்துக்கு ஏறக்குறைய 0.3 முதல் 0.4 கிராம் தண்ணீர் உறையாமலே இருக்கும். அணுக் காந்தப் பரிவுக் கருவி (NMR) காந்தப்புலத்தில் ஐதரசன் தரும் சமிக்ஞையைக் கேட்கிறது; தண்ணீரின் அசைவு குறைந்தால் அது கெதியாக அடங்கும். அதில், தனித் தண்ணீரின் சமிக்ஞை அடங்க இரண்டு மூன்று செக்கன் எடுக்கும். மாப்பொருள் களிக்குள் இருக்கும் தண்ணீரில் அது மில்லி செக்கன்களிலேயே அடங்கிவிடும். ஆனால் அதே மூலக்கூறு அங்கேயே குந்திக்கொண்டிருக்கிறதா என்றால், இல்லை. வைகாசிப் பொங்கலன்று வற்றாப்பளை அம்மன் கோவில் மூலஸ்தான வாசலை நினைத்துப் பாருங்கள். எப்போது பார்த்தாலும் அங்கே நெரிசல்தான், ஆனால் நெரிபடுகிற ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். சங்கிலியின் ஓரத்தில் நிற்கும் தண்ணீரும் பெரும்பாலும் அப்படித்தான். வெளியே உள்ளதைவிடச் சில மடங்கு மெதுவாக அசைகிறது, அவ்வளவுதான். பொந்துக்குள் அகப்பட்ட ஒன்றிரண்டுதான் நெடுநேரம் நிற்கும். ஒரு கருவி கண் இமைக்கும் நேரம் பார்க்கிறது, இன்னொன்று நாள் முழுக்கப் பார்க்கிறது. அதனால்தான் ‘கட்டுண்ட நீர் எவ்வளவு’ என்று கேட்டால் கருவிக்கு ஒரு விடை வருகிறது. தம்பி தன் ஆய்வேட்டில் ஒரு எண்ணை எழுதினால், எந்தக் கருவியின் எண் என்றும் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். காலையில் நீத்துப்பெட்டியிலிருந்து இறக்கிய புட்டு பின்னேரம் இறுகிப்போகிறது. காய்ந்துவிட்டது என்கிறோம். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடி, நிறுத்து வையுங்கள். நிறை குறையாது, புட்டு மட்டும் இறுகும். பாணுக்கும் இதே கதைதான். அடைத்து வைத்த பாணும் பழசாகும், திரும்பச் சூடாக்கினால் மெதுமை வரும் என்று பூசங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1852இலேயே காட்டிவிட்டார். அவித்தபோது குலைந்த மாப்பொருள் சங்கிலிகள் ஆறும்போது திரும்ப வரிசைகட்டுகின்றன. அப்படி வரிசைகட்டி உண்டாகும் பளிங்கில் பன்னிரண்டு குளுக்கோசு அலகுக்கு 36 தண்ணீர் மூலக்கூறு, ஒரு வாய்க்காலுக்குள் நிற்பது போல நிற்கும். தண்ணீர் புட்டை விட்டுப் போகவில்லை, புட்டுக்குள்ளேயே வீடு மாறிவிட்டது. பிரிட்ஜில் வைத்தால் இன்னும் கெதியாக மாறும்.

தம்பியின் தாளுக்கு இதுதான் உயிர்ப் பிரச்சினை. 2017இல் இலங்கையில் சோறு சுற்றும் பொலித்தீன் லஞ்ச் சீற்றைத் தடைசெய்த பிறகு, மாப்பொருள் தாளில் சோற்றைச் சுற்றலாமா என்று பலரும் கேட்கிறார்கள். மாப்பொருள் சங்கிலிகளுக்கு இடையே தண்ணீர் எண்ணெய் போட்ட மாதிரி வேலை செய்கிறது. குறைந்தால் தாள் கண்ணாடி மாதிரி நொறுங்கும், கூடினால் பிசுபிசுத்து ஒட்டும். ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போதும் மார்கழி மழையிலும் ஒரே தாள் தாக்குப்பிடிக்க வேண்டுமே. நிறுத்துப் பார்த்து இதைப் பிடிக்க முடியாது.

அப்பாவிடம் சொல்லுங்கள்: அடுத்த முறை படங்கில் இருந்து அள்ளிய கையோடு அளக்க வேண்டாம். பனி படாமல் ஓர் இரவு குவித்து மூடி ஆறவிட்டு, காலையில் அளக்கட்டும். காய்ந்த நெல்லில் பனி பட்டால் உள்ளே வெடிக்கும், ஆலையில் குறுணல்தான் மிஞ்சும். வாங்க வருபவரின் மீற்றர் எந்த நெல் வகையின் அட்டவணையில் நிற்கிறது என்றும் ஒருக்கால் எட்டிப் பார்க்கட்டும். எங்கள் பக்கம் நாட்டு நெல்லைச் சம்பாவில் வைத்து அளந்ததைக் கண்டிருக்கிறேன். கேட்டபோது, வாங்க வந்தவர் சிரித்துக்கொண்டே மாற்றிவிட்டார்.

தம்பியிடம் 1940 வரைபு இரண்டு அனுப்பச் சொல்லுங்கள், வெயில் நாளில் எடுத்தது ஒன்று, மழை நாளில் எடுத்தது ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஆசை.