ரொட்டிக்கடையின் கம்பி ஜன்னல்

அன்புள்ள ஐயா,

ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கொஞ்ச காலமாக ரோமர்களின் வரலாறு பற்றிய ஆவணப்படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். சீசர், அகஸ்டஸ், நீரோ, கொலோசியம் எல்லாம் பார்த்தாயிற்று. நேரம் இல்லாததால் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் பார்ப்பேன். படம் பார்த்து வரலாறு கற்க முடியாது, புத்தகம்தான் படிக்க வேண்டும் என்கிறார் நண்பர். சரியா? எதை முதலில் பார்க்கலாம்? இன்னொன்று, கரூரிலும் கோவைப் பக்கத்திலும் இவ்வளவு ரோமக் காசுகள் கிடைத்தும் இந்தப் படங்கள் தமிழர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லையே, ஏன்?

எம்., ஈரோடு

அன்புள்ள எம்.,

அலுவலகம் முடிந்து வந்த களைப்பிலும் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய மனிதர்களைத் தேடிப் போகிறீர்களே, அதற்காகவே உங்களைப் பிடித்துவிட்டது. நண்பரின் பேச்சை விடுங்கள். புத்தகமா படமா என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை.

தமிழர் விஷயம். எகிப்தின் செங்கடல் கரையில் பெரனிகே என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டியபோது, கோயில் வளாகத்தில் ஓர் இந்தியப் பானையும் அதற்குள் 7.5 கிலோ மிளகும் கிடைத்தன. ரோமானிய வணிகத்தைப் பற்றிப் படம் எடுப்பவர் அதைச் சொல்லாமல் விட்டால் அது குறைதான். நீரோவைப் பற்றிய படத்தில் நாம் ஏன் வர வேண்டும்? இன்னொரு மக்களின் கதையைக் கேட்க உட்கார்ந்துவிட்டு, நம் பெயர் வருகிறதா என்று மட்டும் காது கொடுத்துக்கொண்டிருப்பது நல்ல பழக்கமில்லை.

ஆனால் இரட்டை வேகம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

என் அப்பா சினிமா தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவர். ஒரு ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும். அதைப் பார்த்ததும் அடுத்த மிஷினை ஓடவிட வேண்டும், இரண்டாவது புள்ளிக்கு மாற்றிவிட வேண்டும். அதனால் நாயகன் என்ன செய்தாலும் அவர் கண் ஓரத்தில்தான் இருக்கும். டப்பிங் செய்யப்பட்ட ரோமானியப் படங்கள் வரும்போது என்னை மேலே கூட்டிப் போவார். நான் தேரோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் காட்டியதெல்லாம் பின்னால் ஜாடி சுமந்து போகிறவனை, படிக்கட்டைத் துடைக்கிறவளை. "இவங்களுக்கு யாருடா சோறு போடுறது?" என்பார். பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் கேட்காத கேள்வி அது.

இரட்டை வேகத்தில் முதலில் காணாமல் போகிறவர்கள் இவர்கள்தான். பேரரசர் தப்பித்துவிடுவார். அவரைத்தான் இசை போட்டு, கேமராவைச் சுற்றவிட்டு, நடிகருக்கு அங்கி மாட்டித் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்களே. அந்த நடிப்புக் காட்சிகளை நம்பவும் வேண்டாம். கி.பி. 64இல் ரோம் எரிந்தபோது நீரோ பிடில் வாசித்தான் என்பதை இன்னமும் சிலர் விடவில்லை. தீப்பிடித்தபோது அவன் ஆன்டியம் என்ற வேறோர் ஊரில் இருந்தான், திரும்பி வந்து வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டான் என்று எழுதியிருப்பவர் டாசிட்டஸ் என்ற ரோமானிய வரலாற்றாசிரியர், அவர் நீரோவின் ரசிகர் அல்ல. பிடில் என்ற வாத்தியம் வரவே இன்னும் பல நூற்றாண்டுகள் ஆக வேண்டியிருந்தது.

சரி, சோறு போடுவது யார் என்று அப்பா கேட்ட கேள்விக்கு வருகிறேன். ரோமில் அது ரொட்டிக்காரர். ரோமில் போர்ட்டா மஜோரே என்ற வாயிலுக்கு வெளியே யூரிசாசிஸ் என்ற ரொட்டிக்காரரின் கல்லறை நிற்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. பிற்காலத்தில் அதன்மேல் ஒரு காவல் கோபுரத்தைக் கட்டிவிட்டார்கள். 1838இல் கோபுரத்தை இடித்தபோதுதான் கல்லறை வெளியே வந்தது. சுவரில் வட்ட வட்டமாகப் பெரிய ஓட்டைகள். மாவு பிசையும் தொட்டியைத்தான் அப்படிச் செதுக்கியிருக்கிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். மேலே ஓடும் சிற்ப வரிசையில் தானியத்தை வாங்குவது, கழுதை பூட்டி அரைப்பது, சலிப்பது, பிசைவது, அடுப்பில் வைப்பது, கூடையில் நிரப்பி எடை போடுவது என்று எல்லாம் இருக்கிறது. யூரிசாசிஸ் விடுதலை பெற்ற அடிமையாக இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். அந்த மனிதர் தன் வேலையை மறைக்காமல் கல்லில் செதுக்கி வைத்துவிட்டுப் போனார்.

அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியிருக்கிறது. அப்புறம்தான் அந்தச் சிற்பத்தில் மாவு பிசைகிறவர்களைக் கவனித்தேன். அவர்களில் ஒருவருக்கும் பெயர் இல்லை. ஒருகாலத்தில் அடிமையாக இருந்தவரின் கடையில் பிசைந்து நின்றவர்களும் பெரும்பாலும் அடிமைகளாகத்தான் இருந்திருப்பார்கள்.

அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பார்க்க, எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன ரோமானிய நகரமான பாம்பெய்க்குப் போக வேண்டும். 2023 ஜூனில் அங்கே ஒரு வீட்டுச் சுவரில், தட்டையான ரொட்டியும் பழங்களும் வரைந்த ஓவியம் கிடைத்தது. பீட்சாவின் முன்னோர் என்று உலகமெல்லாம் செய்தி போட்டது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதே வீட்டோடு ஒட்டி ஒரு ரொட்டிக்கூடம் இருந்தது. அதைப் பற்றிய விவரம் டிசம்பரில் வந்தது. வெளியே போக வழியில்லாத அறைகள். உயரத்தில் இரும்புக் கம்பி போட்ட சின்ன ஜன்னல்கள். அரவைக் கல்லைச் சுற்றித் தரையில் வளைவாகப் பள்ளங்கள்: கண்கட்டிய கழுதைகள் ஒரே தடத்தில் அடியெடுத்து வைப்பதற்காக வெட்டியவை. அந்தக் கூடத்தில் மனிதர்களும் கழுதைகளும் சேர்ந்து அடைபட்டிருந்தார்கள். மூன்று பேரின் எலும்புக்கூடுகளும் கிடைத்தன. அரவைக்கூட அடிமைகளின் உடம்பில் சவுக்குத் தழும்பும், நெற்றியில் சூட்டுக் குறியும், காலில் விலங்கும் இருந்ததாக அபுலேயஸ் என்ற எழுத்தாளர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். கற்பனைக் கதையில் வரும் வர்ணனை என்று ஒதுக்கியவர்கள் அந்தக் கம்பிகளைப் பார்க்க வேண்டும்.

பீட்சாவுக்குக் கிடைத்த இடத்தில் பாதியாவது இதற்குக் கிடைத்ததா? ரோமின் பெருமையைச் சொல்லும் எந்தப் படமும் ரோமுக்கு ரொட்டி சுட்டது யார் என்று காட்டாமல் முடியக்கூடாது என்பது என் கட்சி. இதில் நான் யாரோடும் சமாதானமாகப் போகத் தயாரில்லை.

வரிசை கேட்டிருந்தீர்கள். மேரி பியர்ட் என்ற வரலாற்றாசிரியர் பிபிசிக்காக 2012இல் செய்த மூன்று பகுதித் தொடரில் தொடங்குங்கள். அவர் பேரரசர்களை ஓரம் வைத்துவிட்டுக் கல்லறை வாசகங்களைப் படித்துக்கொண்டு போகிறார், யூரிசாசிஸும் அதில் வருகிறார். அதன் பிறகு, 2024இல் வந்த பாம்பெய் அகழாய்வுத் தொடர். நான் சொன்ன ரொட்டிக்கூடத்தை மண்ணிலிருந்து எடுப்பதை அதில் பார்க்கலாம். இரண்டையும் சாதாரண வேகத்தில் பாருங்கள். நேரமில்லை என்றால் வாரத்துக்கு ஒரு பகுதி போதும்.