‘ஆயோ’ என்பதற்குப் பொருள் எத்தனை?

கேள்வி: கப்பலில் என்ஜின் பிரிவில் வேலை செய்கிறேன். உடன் பணியாற்றும் பிலிப்பைன்ஸ் நண்பர் செபு தீவைச் சேர்ந்தவர். அவர் பேச்சில் எதற்கெடுத்தாலும் ‘ஆயோ’ என்ற சொல் வருகிறது. பொருள் தேடிப் பார்த்தேன். குட், வெல், ரிப்பேர், ஹீல், ரெகவர், வெரி, பெனிஃபிட், டேக் கேர் என்று ஆங்கிலத்தில் வரிசையாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒரே சொல்லை வைத்து இத்தனையையும் சமாளிப்பது அந்த மொழியின் சொல் வறுமையைத்தானே காட்டுகிறது? அவர்கள் ஒருவரை ஒருவர் எப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள்? அடுத்த முறை கப்பல் செபுவில் நிற்கும்போது வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: நீங்கள் எண்ணிப் பார்த்திருப்பது ஆங்கிலச் சொற்களை. உங்கள் நண்பரின் தாய்மொழியான செபுவானோவில் அந்தச் சொல்லுக்குள்ள பொருளை நீங்கள் இன்னும் எண்ணத் தொடங்கவே இல்லை.

இதை விளக்க செபு வரை போக வேண்டியதில்லை. பழுதான பம்பை நீங்கள் ‘சரி செய்கிறீர்கள்’. இரண்டு நாளாக இருந்த காய்ச்சல் ‘சரியாகிவிட்டது’ என்று வீட்டுக்குச் சொல்கிறீர்கள். மேல்தளத்தில் ‘சரியான வெயில்’ என்கிறீர்கள். சண்டை போட்டுக்கொண்ட இரண்டு நண்பர்களைப் பற்றி ‘இப்போது எல்லாம் சரியாகிவிட்டது’ என்கிறீர்கள். இந்த நான்கையும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமானால் நான்கு வெவ்வேறு சொற்களைத் தேட வேண்டும். அந்த நான்கையும் ஒரு பட்டியலாக எழுதி, ‘தமிழர்களிடம் ஒரே சொல்தான் இருக்கிறது, எப்படித்தான் பேசிக்கொள்கிறார்களோ’ என்று உங்கள் செபு நண்பர் தம் ஊர்ப் பத்திரிகைக்கு எழுதியிருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? ‘சரி’ என்று சொல்லும்போது நான்கு பொருள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பேசுவதாக நமக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஒரு பொருள் இருக்க வேண்டிய நிலையில் இருப்பது அல்லது அந்த நிலைக்குத் திரும்புவது என்ற ஒரே எண்ணம்தான் நம் மனத்தில் ஓடுகிறது. ‘ஆயோ’ என்ற வேர்ச்சொல்லும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் நிற்கிறது. உடன்பாட்டைச் சொல்லும் ‘சரி’ மட்டும் அதில் அடங்காது. அதற்கு அவர்கள் ஸ்பானிய மொழியிலிருந்து எடுத்துக்கொண்ட ‘சிகே’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்; உங்கள் நண்பர் வாயிலிருந்து அதையும் கேட்டிருப்பீர்கள்.

நீங்கள் கவனிக்கத் தவறிய இன்னொன்று உண்டு. அவர் எல்லா இடத்திலும் வெறும் ‘ஆயோ’ என்று சொல்வதில்லை. செபுவானோ ஒட்டுகளால் இயங்கும் மொழி. வேர்ச்சொல்லுக்கு முன்னும் பின்னும் சேரும் சிறு அசைகள்தாம் அதில் பாதி வேலையைச் செய்கின்றன. ‘ம-ஆயோ’ என்றால் நல்லது. அதனால்தான் காலை வணக்கம் ‘ம-ஆயொங் புந்தாக்’ என்று வருகிறது. ‘ந-ஆயோ நா அங் பாத்தா’ என்றால் குழந்தைக்குக் குணமாகிவிட்டது. நிலை தானாகத் திரும்பியது. ‘கி-ஆயோ நியா அங் ராத்யோ’ என்றால் அவர் ரேடியோவைச் சரி செய்தார். ஒருவர் கைவைத்துத் திருப்பினார். ‘குணமாதல்’, ‘பழுது பார்த்தல்’ என்று நாம் இரண்டாகப் பார்க்கும் வேறுபாட்டை அவர்கள் ஒட்டில் வைத்திருக்கிறார்கள். தமிழில் ‘சரியாயிற்று’, ‘சரி செய்தார்’ என்று நாம் துணைவினையில் வைத்திருப்பதைப் போல. பகை மறந்து இருவர் ஒன்றானால் ‘நக்க-ஆயோ’ என்பார்கள். பொதுநலம் என்பதற்கு ‘க-ஆயோஹான்’ என்பார்கள். எதற்கும் பயன்படாதவனையோ பொருளையோ ‘வாய் ஆயோ’, அதாவது ஆயோ இல்லாதது, என்று தள்ளுவார்கள். முன்னால் வரும் அந்த ‘ம’, ‘ந’, ‘கி’ ஆகியவற்றுக்குப் பின் தொண்டையில் ஒரு சிறு தடை விழும்; அதைக் காதில் வாங்கப் பழகிவிட்டால் உங்கள் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

மெய்யாகவே மயக்கம் தரும் இடங்களும் இருக்கின்றன. ‘ம-ஆயோ’ என்ற ஒரே வடிவம் ‘நல்லது’ என்றும் பொருள்படும், ‘குணமாகும்’ என்றும் பொருள்படும். ஒருவர் உங்கள் கைக்காயத்தைப் பார்த்துவிட்டு ‘ம-ஆயோ ரா நா’ என்றால், காயம் நன்றாக இருப்பதாக அவர் சொல்லவில்லை, ஆறிவிடும் என்று ஆறுதல் சொல்கிறார். இடம் பார்த்துப் பொருள்கொள்வது எந்த மொழியிலும் கேட்பவரின் கடமைதான்.

உங்கள் பட்டியலில் ‘வெரி’ என்று வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ‘க-ஆயோ’ என்பது மிகுதியைக் காட்டும் சொல். அது தான் விசேடிக்கும் சொல்லுக்குப் பின்னால் வரும். உணவு மிகவும் ருசியாக இருந்தால் ‘லமி க-ஆயோ’. கடுமையாக வலித்தால் ‘சகித் க-ஆயோ’. நன்மையைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல் வலியோடு எப்படிச் சேர்ந்தது என்று நீங்கள் கேட்கக்கூடும். ‘நல்ல அடி’, ‘சரியான வலி’ என்று நாம் சொல்லும்போது அடியிலும் வலியிலும் என்ன நன்மை இருக்கிறது? முழுமையாக, குறைவில்லாமல் என்ற பொருள் மட்டும் தங்கி, நன்மை என்ற பொருள் தேய்ந்துபோகிறது. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள், தனித்தனியாக நடந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே சிலிர்க்கிறது. இதைப் போய் வறுமை என்று எழுதிவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

வறுமையை அளக்கத்தான் வேண்டுமென்றால் மறுபக்கத்திலிருந்தும் அளந்து பாருங்கள். சாப்பாடு, காட்சி, பையன் மூன்றுக்கும் ஆங்கிலம் ‘குட்’ என்ற ஒன்றையே போட்டுவிட்டுப் போய்விடும். செபுக்காரர் அப்படிச் செய்யமாட்டார். ருசிக்கு ‘லமி’, பார்க்க அழகாக இருப்பதற்கு ‘நிந்தோத்’, குணமுள்ள பையனுக்கு ‘புஓதான்’ என்று தனித்தனிச் சொற்கள் அவரிடம் உண்டு. வயலில் நிற்பது ‘ஹுமாய்’, கடையில் வாங்குவது ‘புகாஸ்’, தட்டில் விழுவது ‘கான்-ஓன்’. நெல், அரிசி, சோறு என்று பிரித்தறிந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆங்கிலத்தில் மூன்றுமே ‘ரைஸ்’. ஆனாலும் ஆங்கிலத்தை வறிய மொழி என்று யாரும் எனக்குக் கடிதம் எழுதியதில்லை.

நீங்கள் பார்த்தது உதாரண வாக்கியங்கள் இல்லாத சொற்பட்டியலாகத்தான் இருக்க வேண்டும். இந்த மொழிக்கு மொழியியலாளர் ஜான் வுல்ஃப் தொகுத்து 1972இல் வெளிவந்த அகராதி ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 25,000 பதிவுகள் கொண்டது. அதில் சொற்கள் வேரின் கீழ் அடுக்கப்பட்டு, ஒவ்வொரு வேரும் எந்தெந்த ஒட்டுகளை ஏற்கும் என்பது குறிக்கப்பட்டு, வாக்கியங்களோடு பொருள் சொல்லப்பட்டிருக்கும். அந்த மொழியில் ஓகாரமும் உகாரமும் பொருளை வேறுபடுத்துவதில்லை என்பதால் வுல்ஃப் உகரத்தை மட்டுமே எழுதுகிறார். ஆகவே அங்கே ‘ஆயு’ என்று தேட வேண்டும்.

எதிர்த்திசையில் இன்னொரு தவறும் உண்டு. மொழிபெயர்க்கவே முடியாத மந்திரச் சொல் என்று இதை வியந்து எழுதுவோரும் இருக்கிறார்கள்; அதுவும் சோம்பேறித்தனம்தான். மேலே ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொல்லியிருக்கிறேன், எதுவும் சிந்திப்போகவில்லை.

‘சொல் வறுமை’ என்ற பேச்சை நான் லேசாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் உண்டு. செபு, போகோல் தீவுகளிலும் தெற்கே உள்ள மிண்டனாவோ தீவின் பெரும்பகுதியிலுமாக ஏறத்தாழ 2 கோடிப் பேர் பேசும் மொழி இது. தேசிய மொழியான பிலிப்பினோ, தலைநகர் மணிலா வட்டாரத்து மொழியான தகாலோக்கை அடிப்படையாகக் கொண்டது. அதற்கும் ஆங்கிலத்துக்கும் இடையில்தான் செபுவானோ தன் இடத்தைக் காத்துவருகிறது. 2012 முதல் அந்நாட்டுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில் தாய்மொழி வழிக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 2024 அக்டோபரில் ஒரு சட்டம் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. ஒரு மொழிக்கு வகுப்பறையில் இடம் வேண்டுமா என்ற வாதம் நடக்கும் வேளையில், அந்த மொழியில் சொல்லே இல்லை என்று வெளியிலிருந்து யாரோ போகிறபோக்கில் சொல்வது அங்குள்ளவர்களைக் காயப்படுத்தும். உங்கள் நண்பரிடம் இந்தக் கேள்வியை இதே சொற்களில் கேட்டுவிடாதீர்கள்.

அவர் வீட்டுக்குப் போகும்போது வாசலில் நின்று ‘ஆயோ!’ என்று உரக்கக் கூப்பிடுங்கள். வீட்டாரை அழைக்க அங்கே வழங்கும் முறை அது. தமிழ்க் காதுக்கு அது ‘ஐயோ’ என்று யாரோ அலறுவதைப் போல ஒலிக்கும் என்பதால் உங்களுக்கு முதலில் கூச்சமாக இருக்கலாம், பரவாயில்லை. உள்ளிருந்து ‘தயோன்!’ என்று குரல் வந்தால், உள்ளே வாருங்கள் என்று அழைக்கிறார்கள் என்று பொருள். சாப்பிட்டுவிட்டு ‘லமி க-ஆயோ’ என்று சொல்லுங்கள். விடைபெறும்போது அவர்கள் ‘ஆயோ-ஆயோ’ என்றால், நல்லபடியாகப் போய் வரச் சொல்கிறார்கள்.