விழுந்தால் எழாதீர்கள்

அன்புள்ள ஐயா,

என் ஊர் பாலமேட்டுக்குப் பக்கம். இப்போது ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். ஜூலையில் ஸ்பெயினின் பாம்ப்லோனாவுக்குப் போய், சான் பெர்மின் திருவிழாவில் காளைகளோடு ஓட நினைத்திருக்கிறேன். வாடிவாசலில் மூன்று முறை மாடு பிடித்தவன் என்பதால் பயமில்லை. நான் கவனிக்க வேண்டியது என்ன?

இரா. மு.

அன்புள்ள தம்பி,

நீங்கள் மாடு பிடித்தவர் என்பதுதான் எனக்குக் கவலை. நம் ஊரில் காளை ஒவ்வொன்றாக வரும், திமிலை அணைப்பதே வீரம். அங்கே காளையைத் தொடுவதே தவறு. நீண்ட கோலோடு கூடவே ஓடிவரும் மேய்ப்பர்கள் உங்களைத்தான் அடிப்பார்கள், அபராதமும் விழும். ஆறு சண்டைக் காளைகளும் அவற்றை நடத்திச் செல்லும் பழகிய மாடுகளும் ஒரே மந்தையாக வரும். கொஞ்ச தூரம் முன்னால் ஓடிவிட்டு ஒதுங்கி வழிவிடுங்கள். அவ்வளவுதான் உங்கள் வேலை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: விழுந்தால் எழாதீர்கள். 1995-இல் 22 வயது அமெரிக்க இளைஞன் ஒருவன் தடுக்கி விழுந்தான், உடனே எழுந்தான். எழுந்தவனின் வயிற்றில் கொம்பு பாய்ந்தது, உயிர் போய்விட்டது. தரையில் கிடப்பவரைக் காளை பெரும்பாலும் தாண்டிப் போய்விடும். குப்புறப் படுத்து, இரு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு, மந்தை போய்விட்டது என்று யாராவது தட்டிச் சொல்லும்வரை கிடங்கள். மாடு பிடித்த உடம்பு தானாகத் துள்ளி எழப் பார்க்கும். அதைத்தான் அடக்க வேண்டும்.

பாதை ஏறக்குறைய 875 மீட்டர், மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முழுவதும் ஓட ஆசைப்படாதீர்கள். முதல் நாள் மாலையே நடந்து பார்த்து, ஐம்பது மீட்டரைத் தேர்ந்துகொள்ளுங்கள். எஸ்தஃபேத்தா தெருவின் பெரும்பகுதியில் வேலி கிடையாது, இருபுறமும் வீட்டுச் சுவர்தான். அந்தத் தெருவுக்குள் திரும்பும் வளைவில் காளைகள் சறுக்கி வெளிப்பக்கம் மோதும், அங்கே நிற்கவே கூடாது. பாதை முடியும் காளைச்சண்டை அரங்கத்துக்குள் போகும் குறுகிய வழியில் 2013-இல் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து குவிந்து மூச்சுத் திணறினார்கள். முதல்முறை ஓடுகிறவருக்கு அது வேண்டாம்.

காலை எட்டு மணிக்குக் காளைகளை அடைத்திருக்கும் பட்டியின் கதவு திறந்ததும் ஒரு வெடி, காளைகள் எல்லாம் தெருவுக்கு வந்ததும் இரண்டாவது வெடி. இரண்டுக்கும் இடைவெளி நீண்டால் மந்தை பிரிந்துவிட்டது என்று பொருள். தனித்துப்போன காளை திரும்பி நின்று ஆளைத் தேடும். அன்று ஓடாமல் வேலியேறிவிடுங்கள், அதில் வெட்கமில்லை.

ஒரு ஜூலை காலையில் நான் வேலிக்கு வெளியே நின்றேன். எனக்கு முன்னால் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் குனிந்து ஷூ நாடாவை இரட்டை முடிச்சிட்டு, மிஞ்சிய நுனிகளையும் உள்ளே செருகினார். பக்கத்தில் இரவெல்லாம் குடித்துத் தள்ளாடிய ஒரு பையனைப் போலீசார் வெளியே இழுத்துப் போனார்கள். முந்தின இரவு ஒரு மிடறுகூட வேண்டாம், தம்பி. கைப்பையும் கேமராவும் அறையிலேயே இருக்கட்டும்.

காளைகள் எல்லாம் அரங்கத்துக்குள் போனதும் மூன்றாவது வெடி, அங்குள்ள பட்டியில் அடைபட்டதும் நான்காவது. நான்காவது கேட்கும்வரை வேலியை விட்டு இறங்காதீர்கள். கேட்டதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.