அம்மா ஏன் தண்ணீர் குடிப்பதில்லை?

கேள்வி: ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் வேலை பார்க்கிறேன். கும்பகோணத்திலிருந்து அம்மா (வயது 68, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார்) மூன்று மாத விசாவில் வந்திருக்கிறார். அடுத்த மாதம் மனைவி, குழந்தை, அம்மாவோடு காரில் பாரிஸ், பிறகு வெனிஸ் போகத் திட்டம். இங்குள்ள கழிப்பறைகள் அம்மாவுக்குச் சரிப்படவில்லை. வீட்டில் பாத்ரூம் தரையெல்லாம் ஈரமாகிறது. இரண்டு தடவை சொல்லிவிட்டேன். வெளியே காசு கொடுத்துப் போகவேண்டும் என்றால் வேண்டாம் என்கிறார். நல்லவேளையாக, கிளம்பும் நாட்களில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை என்பதால் வழியில் தொந்தரவு இல்லை. ஐரோப்பியக் கழிப்பறை முறைகளை அம்மாவுக்குச் சொல்லித்தர ஒரு பட்டியல் தர முடியுமா?

— வாசகர், ஸ்டுட்கார்ட்

பதில்: தம்பி, பட்டியலைப் பிறகு பார்ப்போம். அம்மா காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்று போகிறபோக்கில் எழுதி, அதை நல்லவேளை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். யாருக்கு நல்லவேளை? மாத்திரை சாப்பிடுகிற 68 வயதுப் பெண், நாள் முழுக்க நாக்கு வறண்டு உங்கள் காரில் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். உங்களுக்கு அது வசதியாகப் பட்டிருக்கிறது.

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போன அம்மாக்களைப் பற்றி எத்தனையோ கடிதங்கள் படித்துவிட்டேன். எழுதுவது மகனோ மருமகளோதான்; அம்மா எழுதுவதில்லை. கூச்சம், பழக்கமில்லை என்றுதான் எல்லாரும் காரணம் சொல்கிறார்கள். நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. அம்மாவின் கையில் காசு இல்லை, அதுதான் விஷயம். ஒவ்வொரு தடவையும் மருமகள் முன்னால், பேரக்குழந்தை முன்னால், "எனக்குப் போகணும், ஒரு யூரோ குடுப்பா" என்று கேட்டு நிற்க வேண்டும். ஒரு யூரோ என்றால் ஏறக்குறைய நூறு ரூபாய் என்று அவருக்குத் தெரியும். நாலு தடவைக்கு நானூறு ரூபாயா என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறார். போதாததற்கு வீட்டில் ஈரத்துக்காக இரண்டு தடவை சொல்லியிருக்கிறீர்கள். என்ன குரலில் சொன்னீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மகன் வீட்டில் தண்ணீர் சிந்துவதே குற்றம் என்றால், குடிக்காமலே இருந்துவிடலாம் என்று முடிவெடுத்துவிட்டார்.

வயதாக ஆகத் தாகம் தெரிவது குறையும். தண்ணீர் போதாமல் போனால் தலைசுற்றும், மலம் இறுகும், நீர்க்கடுப்பு வரும். நாள்கணக்கில் அடக்கிக்கொண்டிருந்தால் சிறுநீர்த் தொற்றுக்கும் வழி. பிரஷர் மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகமாகப் பிரியவைப்பவை. வெளியே போகிற நாளில் அந்த மாத்திரையையும் சத்தமில்லாமல் விட்டுவிடுகிற பெரியவர்கள் நிறையப் பேர். அம்மாவின் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள்.

வீட்டுக்கு வருவோம். அங்கே பல வீடுகளில் பாத்ரூம் தரையில் தண்ணீர் போக வழி இருக்காது. சிந்தினால் அங்கேயே நிற்கும், கீழ்வீட்டுக்காரர் கூரையிலும் இறங்கும். இதை அம்மாவிடம் விளக்கிச் சொன்னீர்களா, சிந்தாதீர்கள் என்று மட்டும் சொன்னீர்களா? சீட்டுக்கு அடியில் பொருத்துகிற, தண்ணீர் பீய்ச்சும் கருவி கிடைக்கிறது. வீடு காலி செய்யும்போது கழற்றிவிடலாம். வாங்கி மாட்டுங்கள். அதுவரை ஒரு மக்கும், தரையில் தடிமனான ஒரு மிதியடியும் போதும். வெளியே எடுத்துப்போக, வளைந்த மூக்குள்ள சின்ன பிளாஸ்டிக் குப்பி வாங்கிக் கொடுங்கள். இந்த வயதில் காகிதத்துக்குப் பழகு என்று ஒருவரைக் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமையில்லை. சீட்டின் மேல் ஏறிக் குந்தக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வழுக்கினால் இடுப்பெலும்பு போய்விடும்.

அம்மாவுக்கென்று ஒரு சின்ன பர்ஸ் வாங்கி, ஐம்பது சென்ட், ஒரு யூரோ நாணயங்களாகப் போட்டு அவர் கையிலேயே கொடுங்கள். குறைந்தால் நீங்களே பார்த்து நிரப்புங்கள். கணக்குக் கேட்காதீர்கள். ஆட்டோபான் என்கிற ஜெர்மன் நெடுஞ்சாலைகளில் பெரிய ஓய்விடங்களில் உள்ள சானிஃபேர் கழிப்பறைக்கு 2022இலிருந்து ஒரு யூரோ. பதிலுக்குக் கிடைக்கும் சீட்டைக் காட்டினால் அங்கே கடையில் ஒரு யூரோ கழித்துக்கொள்வார்கள். இதை அம்மாவிடம் சொல்லுங்கள், நூறு ரூபாய் வீண் என்ற வருத்தம் குறையும். கடைகள் இல்லாத சின்ன ஓய்விடங்களில் இலவசம்தான். உங்கள் மாநிலத்தில் ஆலன் நகரில் தொடங்கிய ‘நெட்டே டாய்லெட்டே’ என்ற திட்டத்தின் ஸ்டிக்கர் ஒட்டிய கடைகளில் எதுவும் வாங்காமலே உள்ளே போகலாம். அதற்கு நகராட்சி பணம் தருகிறது.

பிரான்ஸ் நெடுஞ்சாலை ஓய்விடங்களிலும் காசு கிடையாது. சில இடங்களில் நம் ஊர் மாதிரி குந்துகிற கழிப்பறையே இருக்கும். மூட்டுவலி இல்லையென்றால் அம்மாவுக்கு அதுவே சௌகரியம். பாரிஸ் தெருவோரத் தானியங்கிக் கழிப்பறைகள் 2006 முதல் இலவசம். ஒருவர் வெளியே வந்ததும் கதவு மூடிக்கொண்டு உள்ளே தானாகக் கழுவும். கதவு திறந்திருக்கிறதே என்று அம்மா உடனே நுழைந்துவிடாமல், கழுவி முடித்துப் பச்சை விளக்கு வரும்வரை நிற்கச் சொல்லுங்கள். பொத்தானை அழுத்திக் காட்டுங்கள், அவர் திரும்பி வரும்வரை கதவருகிலேயே இருங்கள். இத்தாலியில் நிம்மதி. 1975இலிருந்து வீடுகளில் கழுவிக்கொள்ளும் தொட்டி, பிடே, கட்டாயம். ஓட்டல் அறைகளிலும் பெரும்பாலும் இருக்கும். வெளியே சுற்றும்போது ஏதாவது பாரில் (அங்கே காபிக்கடைக்கும் பார் என்றுதான் பெயர்) நின்றபடி ஒரு காபி குடித்துவிட்டுக் கேட்டால் கழிப்பறையைக் காட்டுவார்கள்.

ஐரோப்பாவில் பஸ், லாரி ஓட்டுநர்கள் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு அந்த நாலரை மணி நேரமே அதிகம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை காரை நிறுத்துங்கள். "யாருக்காவது போகணுமா?" என்று கேட்காதீர்கள், வேண்டாம் என்றுதான் சொல்வார். நிறுத்திவிட்டு நீங்கள் முதலில் போங்கள், மனைவி குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகட்டும். எல்லாரும் போகிறார்கள் என்றால் அம்மாவும் எழுந்து வருவார். திரும்பி வந்ததும் தண்ணீர் பாட்டிலை நீங்களே திறந்து கையில் கொடுங்கள்.

கிளம்புவதற்கு முன்னால், சிறுநீர் போகும்போது எரிச்சல் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். மனைவியை விட்டுக் கேட்கச் சொல்லாதீர்கள். பெற்றவளின் உடம்பை விசாரிக்கிற கடமையை மருமகள் தலையில் கட்டிவிட்டு ஒதுங்குகிற மகன்களை எனக்குப் பிடிப்பதில்லை. எரிச்சல் இருக்கிறது என்றால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். விசாவுக்காக 30,000 யூரோவுக்குக் குறையாமல் மருத்துவக் காப்பீடு எடுத்திருப்பீர்களே, அதைப் பயன்படுத்துங்கள். அதனால் பாரிஸ் பயணம் ஒரு வாரம் தள்ளிப்போனால் போகட்டும்.